தீர்த்தன் ஆற்றில் செத்த டிரவுட்: கைவலைத் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், குஷைனி என்ற ஊருக்கு மேலே, தீர்த்தன் ஆற்றில் ஓர் ஏப்ரல் காலையில் ஒரு பழுப்பு டிரவுட் மீன் செத்தது. அதைப் பிடித்தவர் சமைப்பதற்காகப் பிடிக்கவில்லை. விடுவதற்காகவே பிடித்தார், விட்டும் விட்டார். அரை மணி நேரம் கழித்து, சற்றுக் கீழே ஒரு பாறை மறைவில் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பிடித்தவர் என் நண்பர். கோயம்புத்தூர்க்காரர், வேலை நிமித்தமாகச் சண்டிகரில் இருப்பவர். அன்று மாலையே தன் கைவலையை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். எந்த வலையை வாங்குவது என்பது தெளிவாவதற்குள் அந்த ஆண்டின் மீன்பிடிப் பருவத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. எதை எதை யோசித்தோம், எதை ஏன் ஒதுக்கினோம், கடைசியில் எது நிலைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கைவலை வாங்குகிறவர் முதலில் கேட்பது, “எவ்வளவு பெரிய மீன் கொள்ளும்?” என்பதுதான். விற்பவர்களும் வளையத்தின் அளவைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஓடையில் மீன் பிடித்து விடுகிறவருக்கு அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. தூண்டில் முள்ளைக் கழற்றும்வரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைப்பது ஒன்றுதான் அவருடைய கைவலையின் வேலை. அந்த வேலையை எந்த வலை குறைந்த நேரத்தில் முடிக்கிறதோ அதுவே நல்ல வலை. பை, பிடி, வளையம், வலையை உடம்பில் மாட்டும் கொக்கி என்று எல்லாவற்றையும் இந்த அளவுகோலால்தான் நான் அளக்கிறேன்.

ஆறும் மீனும்

தீர்த்தன் பெரிய ஆறு இல்லை. பெரிய இமாலய தேசியப் பூங்காவின் உயரத்தில், ஹன்ஸ்குண்டில் பிறந்து, குஷைனியில் ஃபலாசன் ஓடையைச் சேர்த்துக்கொண்டு, பஞ்சார் பக்கமாக இறங்கி, லார்ஜியருகே சைன்ஜ் ஆற்றோடு கலந்து பியாஸில் போய் முடிகிறது. குஷைனிக்கு மேலே பெரும் பாறைகளை முட்டி முட்டித்தான் தண்ணீர் இறங்குகிறது. ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் சிறு மடு, அதன் ஓரத்தில் நுரை, அடுத்த அடியில் மறுபடியும் வேகம். டிரவுட் அந்தச் சிறு மடுக்களில்தான் நிற்கும். மீன் பிடிப்பவர் பெரும்பாலும் தண்ணீருக்குள் நிற்பதில்லை. நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்றடி மேலே ஏதாவது ஒரு பாறையின் தலையில் நின்றுகொண்டிருப்பார். கைவலைத் தேர்வில் இந்த இரண்டு மூன்றடிக்குப் பெரிய பங்கு உண்டு.

மீன் இந்த மண்ணுக்குரியது அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் முட்டைகள் 1900-ஆம் ஆண்டில் காஷ்மீருக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து 1909-இல் குல்லுவுக்குக் கொண்டுவந்து பியாஸ் ஆற்றுப் படுகையில் வளர்த்தார்கள். நம் நீலகிரியில், அவலாஞ்சிப் பண்ணையில் வளர்வது வேறு இனம், வட அமெரிக்காவின் வானவில் டிரவுட். அதை அங்கே நிலைக்கவைத்ததும் ஏறத்தாழ அதே காலத்து ஆங்கிலேயர்கள்தான். இமாசலத்தில் மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்கிக்கொண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை டிரவுட் பிடிக்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மீன் முட்டையிடும் குளிர்காலத்தில், தடை.

தீர்த்தனின் மேல்பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் நீளமுள்ளவை. ஒரு முழ மீன் வந்தால் அன்று விடுதியில் அதுதான் பேச்சு. இந்த விவரத்தை மறந்துவிட்டு, சால்மன் பிடிக்கிற அளவுக்குப் பெரிய வலையைச் சுமந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளை ஃபிஷிங் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். இறகும் நூலும் கம்பியும் கொண்டு சிறு முள்ளில் கட்டிய போலிப் பூச்சிதான் இரை. அதற்குத் தூக்கி எறியும் எடை கிடையாது. அதனால் கனமான கயிற்றை வீசுகிறோம். கயிற்றின் முனையில் லீடர் என்ற நரம்பு, ஒன்பதடி அல்லது அதற்கு மேல், போகப் போக மெலிந்துகொண்டே போகும். நுனி நரம்பின் தடிமன் பெரும்பாலும் 0.15 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய நரம்பில், ஓடும் தண்ணீரில், மீனைக் கரைவரை இழுத்துத் தூக்க முடியாது. அதனால்தான் கைவலை தேவைப்படுகிறது.

அன்று நடந்தது

நண்பர் அன்று இரண்டு பூச்சிகள் கட்டியிருந்தார். தண்ணீருக்கடியில் உருளும் நிம்ஃப் வகை. மேல் பூச்சியின் முள்வளைவிலிருந்து ஒன்றரை அடி நரம்பில் கீழ்ப் பூச்சி தொங்கியது. மடுவின் வால்பகுதியில் மீன் மேல் பூச்சியைக் கவ்வியது. ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், நல்ல மஞ்சள் வயிறு, சிவப்புப் புள்ளிகள்.

அவர் நின்ற பாறை உயரம். கையிலிருந்தது இணையக் கடையொன்றில் மலிவாக வாங்கிய மடக்கு வலை. அலுமினிய முக்கோணச் சட்டம், குட்டைப் பிடி, பச்சை நைலானில் முடிச்சிட்ட கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் கட்டைவிரல் நுழையும். குளத்தங்கரையில் கெண்டை பிடிப்பவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது முதுகில் எலாஸ்டிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எட்டி எடுப்பதற்குள் பின்னால் இருந்த முட்புதரில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், கயிறு நீண்டது. இன்னும் இழுத்தார், புதர் விட்டுவிட்டது, வலை வந்து பிடரியில் அறைந்தது. நான் சிரித்தேன். மீன் அந்த நேரமெல்லாம் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

பாறையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாலும் வலை மீனுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. மீனை இன்னும் அருகே கொண்டுவர லீடரைச் சுருட்டினார். கயிறும் லீடரும் சேரும் முடிச்சு கோலின் நுனி வளையத்தில் போய் உட்கார்ந்தது. அங்கே நிறுத்தி, கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, வலையை வாரினார். மீனின் தலை உள்ளே போகும் முன்பே, பின்னால் சும்மா அலைந்த கீழ்ப் பூச்சி வலையின் வெளிப்புறக் கண்ணில் கொத்திக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கிய மீன் இரண்டு சுற்று உருண்டது. நரம்பு செவுள் மூடியைச் சுற்றி இறுகியது.

அதற்குப் பிறகு யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வலையோடு மீனைத் தூக்கிப் பாறையில் வைத்து, கத்தரியைத் தேடி, நரம்பை வெட்டி, நைலானிலிருந்து துடுப்பை விடுவித்து, முள்ளைக் கழற்றினார். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு படமாவது வேண்டாமா என்று படமும் எடுத்துக்கொண்டோம். எல்லாமாக இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. தண்ணீரில் விட்டபோது மீன் சற்று நேரம் சாய்ந்து நின்று, பிறகு நீந்திப் போனது. நீந்திப் போனதால் பிழைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். படம் இன்னும் அவர் கைபேசியில் இருக்கிறது. நல்ல படம்தான்.

எது கொன்றது

விடுதிக்குத் திரும்பியதும், உள்ளூரில் மீன்பிடிக்க வழிகாட்டும் ஒருவர் வலையைக் கையில் வாங்கிப் பார்த்து, முடிச்சைத் தடவி, “இதுதான் கொன்றது. இது தோலை உரித்துவிடும்” என்றார். எல்லோரும் சொல்வதும் அதுதான். பாதி உண்மை.

டிரவுட்டின் செதில்கள் மிகச் சிறியவை. அவற்றின் மேல் கொழகொழப்பான சளிப்படலம் ஒன்று இருக்கிறது. நோய்க்கிருமிகளுக்கு எதிரான முதல் அரண் அது. முடிச்சிட்ட நைலான் அந்தப் படலத்தை வழித்துவிடும், செதிலைப் பெயர்க்கும், துடுப்பின் ஓரங்களைக் கிழிக்கும். அப்படி வழிந்த இடத்தில் சாப்ரோலெக்னியா போன்ற நீர்ப்பூஞ்சை பஞ்சுபோல் படரும். ஆனால் அது மெதுவாக நடப்பது, நாட்கணக்கில் ஆகும். அரை மணி நேரத்தில் எந்தப் பூஞ்சையும் ஒரு மீனைக் கொல்லாது.

தண்ணீரின் சூட்டையும் குற்றம் சொல்ல வழியில்லை. நீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது டிரவுட் பிடிப்பதே தவறு என்பார்கள். அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் கோடையில் ஆற்றுநீர் தொடர்ந்து சூடானால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை மீன்பிடிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தீர்த்தனில் ஏப்ரல் காலையில் பனியுருகிய தண்ணீர். கையை ஒரு நிமிடம் முக்கி வைத்தால் மரத்துப்போகும்.

மிஞ்சுவது காற்று. தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுளின் மெல்லிய இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடுகின்றன, மூச்சு அப்படியே நின்றுவிடுகிறது. அதுவும் ஓடிக் களைத்து, தசையில் அமிலம் ஏறி, ஆக்சிஜன் மிகவும் தேவைப்படும் நேரத்தில். கனடாவில் ஃபெர்குசனும் டஃப்ட்ஸும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. வானவில் டிரவுட்டுகளைத் துரத்திக் களைப்படையச் செய்தார்கள். களைப்பு மட்டும் கண்டவற்றில் 12 விழுக்காடு இறந்தன. களைப்போடு 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 விழுக்காடு. அவை ரத்த மாதிரி எடுப்பதற்காகக் குழாய் பொருத்தப்பட்ட ஆய்வக மீன்கள். ஆற்றில் இவ்வளவு சாவு விழுவதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்வது சரிதான். எண்களை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவர வேண்டாம். களைப்புக்குப் பின் காற்றில் கழியும் ஒவ்வொரு அரை நிமிடமும் நிலைமையை மோசமாக்குகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆகவே அந்த மீனைக் கொன்றது முடிச்சின் சொரசொரப்பு அல்ல, சிக்கு என்பது என் முடிவு. சிக்கு விழாமல் இருந்திருந்தால் அதே முரட்டு வலையிலும் கால் நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும், அன்று அது பிழைத்திருக்கும். அடுத்த வாரம் பூஞ்சை வந்திருக்கலாம், அது வேறு கணக்கு. சிக்கு விழுந்ததற்கும் இரண்டு காரணங்கள். கண்கள் முள்ளைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன்னால், வலை எட்டாததால் நண்பர் அவசரமாக வார வேண்டியதாயிற்று. ஒன்று பையின் குறை, மற்றது பிடியின் குறை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எவ்வளவு உதவியது என்று தெரியாமலே போயிருக்கும். நல்லவேளையாக, பணம் இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் வரவில்லை.

முதல் மாற்றம்: பை

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் வார்ப்பு ரப்பர் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பை மட்டும் தனியாக விற்கிறார்கள், சட்டத்தில் கயிறு கோத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நண்பர் பழைய நைலானை அறுத்தெறிந்துவிட்டு, அதே முக்கோணச் சட்டத்தில் இதைக் கட்டினார். பார்க்கச் சகிக்காது.

பை விஷயத்தில் தேர்வு மூன்றுதான். முடிச்சிட்ட நைலான், முடிச்சில்லாமல் நெய்து மேலே பூச்சுக் கொடுத்த நைலான், வார்ப்பு ரப்பர். வட அமெரிக்காவின் புளூகில் மீன்களை வைத்துப் பார்தெல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முடிச்சிட்ட வலைகள் துடுப்பையும் செதிலையும் அதிகம் சேதப்படுத்தின. ரப்பரும் முடிச்சில்லாத நைலானும் குறைவாகச் சேதப்படுத்தின. அந்த ஆய்வில் விற்பனையாளர்கள் எடுத்துச் சொல்லாத இன்னொரு முடிவும் உண்டு. வலையில் எடுத்த மீன்களில் வலைக்கேற்ப 4 முதல் 14 விழுக்காடு இறந்தன. வலையே படாத மீன்களில் ஒன்றுகூட இறக்கவில்லை.

இதைப் படித்ததும் வலையைத் தூக்கி எறியத் தோன்றும். சிறு மீனுக்கு அது சரியும்கூட. ஒரு சாணுக்கு உட்பட்ட டிரவுட்டை வலையில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நரம்பின் வழியே இடுக்கியை இறக்கி, முள்ளின் தண்டைப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகத் திருப்பினால் மீன் தானாகக் கழன்று ஓடிவிடும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தால் கையே படாமல் முடிந்துவிடும். பெரிய மீனில் இது நடக்காது. அதைக் கையால் பிடிக்க வேண்டுமானால், அடங்கும்வரை இழுத்துக் களைக்கவைக்க வேண்டும், பிறகு வயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் களைப்பையும் இறுக்கத்தையும் மிச்சப்படுத்தும்போதுதான் வலை சுமந்ததற்குப் பயன்.

மே, ஜூன் மாதங்களில் ரப்பர் பை தன் வேலையைக் காட்டியது. இரட்டைப் பூச்சி கட்டினாலும் சிக்கு விழவில்லை. தொங்கும் முள் ரப்பர் கம்பியில் பட்டு நழுவியது, அப்படியே குத்தினாலும் ஒரு சிறு அசைவில் கழன்றது. மீன் உள்ளே உருளுவதும் குறைந்தது. ஏன் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நைலான் பை மீனைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் பை விறைப்பாகத் தன் வடிவத்தில் நிற்கும். உள்ளே கொஞ்சம் இடம் இருந்தால் மீன் நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

ரப்பரிலும் பார்த்து வாங்க வேண்டும். துளைகள் பெரிதாக இருந்தால் சிறு மீனின் துடுப்பு அவற்றில் நுழைந்து கிழிகிறது. சுண்டுவிரல் நுனிக்கு மேல் பெரிய துளை வேண்டாம். அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும், ஆழமான கூம்புப் பையில் மீன் வளைந்து மடங்கிக் கிடக்கும். மறுபுறம், பூச்சுக் கொடுத்த நைலான் எடையில் ரப்பரில் பாதிகூட இருக்காது. நாள் முழுவதும் மலையேறுகிறவருக்கு அது பெரிய விஷயம், அதை வாங்குகிறவரைக் குறை சொல்லமாட்டேன். ஒற்றைப் பூச்சி மட்டும் கட்டுகிறவராக இருந்தால் நானும் அதையே சொல்வேன். நிறமில்லாத ரப்பர் மீனை மிரட்டாது, கறுப்பு மிரட்டும் என்ற பேச்சை மட்டும் நான் நம்புவதில்லை. மீன் மிரள்வது அசைவைக் கண்டுதான்.

ரப்பர் சீக்கிரம் உலரும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். டிடிமோ என்ற பாசி 2004-இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கண்டறியப்பட்ட பிறகு, ஈரமான மீன்பிடிச் சாமான்களை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். முடிச்சுக்குள் ஈரம் நாள்கணக்கில் தங்கும். தீர்த்தன் பள்ளத்தாக்கில் டிரவுட் பண்ணைகளும் இருக்கின்றன. பண்ணைக் குளத்தில் நனைத்த வலையை அன்றே ஆற்றில் இறக்குவது எந்த வகையிலும் நல்லதல்ல.

பிடி: விட்ட இடம்

பை மாறிய பிறகும் எட்டாக் குறை அப்படியே இருந்தது. வலை எட்டாததால் மீனை நீண்ட நேரம் இழுக்க வேண்டியிருந்தது. லீடர் முடிச்சு நுனி வளையத்துக்குள் நுழைந்து, மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும்போது மாட்டிக்கொண்டு, நுனி நரம்பு அறுந்து மீன் தப்பியதும் உண்டு. தப்பியதில் நண்பருக்கு வருத்தமில்லை, வாயில் பூச்சியோடு போனதில்தான் வருத்தம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். கோல் ஒன்பதடி. லீடரும் ஒன்பதடியாக இருந்தால், முடிச்சை நுனி வளையத்துக்கு வெளியே நிறுத்திக்கொண்டு கோலைப் பின்னால் சாய்த்தால் மீன் ஏறத்தாழக் கைக்கு எட்டும். நிம்ஃப் பூச்சி கட்டிப் பிடிப்பவர்கள் லீடரைப் பன்னிரண்டடி வரை நீட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் மூன்றடியை ஏதாவது ஒன்று ஈடுகட்ட வேண்டும். ஒன்று, முடிச்சை வளையத்துக்குள் இழுக்க வேண்டும். இல்லையென்றால் கை மூன்றடி நீள வேண்டும். அதற்கு மேல், நிற்கும் பாறையின் உயரம். இடுப்பளவு நீரில் நின்று பிடிப்பவருக்காக உருவான குட்டைப் பிடி வலைகள், ஆங்கிலேய, அமெரிக்கப் படங்களில் பார்க்கிறோமே அந்தக் கண்ணீர்த்துளி வடிவ மர வலைகள், தீர்த்தனின் பாறை மேல் நிற்பவருக்குப் பயன்படாததன் காரணம் இதுதான்.

இதைச் சொன்னபோது நண்பருக்குச் சற்று ஏமாற்றம். அவர் மனம் மர வலையில்தான் இருந்தது. ஆஷ், மேப்பிள், வால்நட் மரங்களின் மெல்லிய கீற்றுகளை அச்சில் வளைத்து ஒட்டி, மெருகேற்றிச் செய்வார்கள். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஜலந்தரில் ஹாக்கி மட்டைக்கு முசுக்கொட்டை மரத்தை வளைக்கிறார்களே, அதே மரத்தில் நீளப் பிடியோடு ஒன்று செய்யச் சொன்னால் என்ன என்று கொஞ்ச நாள் திட்டம் போட்டார். திட்டம் எனக்கும் பிடித்திருந்தது. நீளப் பிடியோடு மரச்சட்டம் செய்தால் எடை கூடும், கூடவே ரப்பர் பையின் எடையும் சேரும். முதுகில் மாட்டிக்கொண்டு பாறை தாண்டுகிறவருக்கு ஒத்துவராது என்று கைவிட்டோம்.

ஜப்பானிய ‘தமோ’ வலையையும் பார்த்தோம். காயா என்ற மரத்தின் கவட்டைக் கிளைகளை வளைத்து வட்டமாக்கி, கிளையின் தண்டையே பிடியாக வைத்துச் செய்வது. பை ஆழமில்லாதது, கண்கள் மிக நுண்ணியவை. மலையோடைகளில் தென்காரா என்ற ஜப்பானிய ஃபிளை ஃபிஷிங் முறையில் பிடிப்பவர்கள் அதை இடுப்புக் கச்சையில் பின்புறம் செருகிக்கொண்டு போகிறார்கள். முதுகில் ஆடித் தொங்கும் எதையும்விட அது எவ்வளவோ மேல். சிறு ஓடைக்குச் சிறு மீன் பிடிக்கப் போனால் நான் அதைத்தான் எடுப்பேன். தீர்த்தனில் அதன் பிடியும் எட்டாது. ஆனால் கச்சையில் செருகும் யோசனையை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

நீட்டி மடக்கும் அலுமினியப் பிடி காகிதத்தில் பார்த்தால் சரியான விடை. ஆற்றில் அப்படி இல்லை. நீட்டுவதற்கு இரண்டு கை வேண்டும், ஒரு கையில் கோல், அதன் மறுமுனையில் மீன். மணல் புகுந்தால் திருகு பிடிக்காது. கல்லில் பட்டால் எழும் ஓசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

கடைசியில் வாங்கியது, கார்பன் இழையும் கண்ணாடி இழையும் கலந்து வார்த்த சட்டத்தில், முழு நீளம் 80 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் ஒன்று. ஃபிஷ்பாண்ட் நிறுவனத்தின் நோமேட் வரிசை இந்த வகையைப் பரப்பியது, இப்போது பலரும் செய்கிறார்கள். மிதக்கும், எடை குறைவு, வண்ணம் உரியாது. விலைதான் உறுத்தும். அமெரிக்காவிலேயே நூறு டாலருக்கு மேல், இங்கே வந்துசேரும்போது சுங்கமும் சேரும். மலிவான வலைக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி சட்டத்துக்குப் போகிறது, மீனுக்கு நேரடியாக நன்மை செய்வது பைதான். கையில் பணம் குறைவாக இருப்பவர் பழைய சட்டத்தில் ரப்பர் பை கட்டிக்கொண்டு, மூங்கில் பிடி ஒன்றை இறுக்கிச் சேர்த்துக்கொண்டால் முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும். நண்பரிடம் இதைச் சொன்னேன். அந்த முக்கோணத்தை இனிமேல் கையில் பிடிக்கமாட்டேன் என்றார். அது அவர் பணம்.

வளையம், கொக்கி

வளையத்தின் நீளம் 45 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 25-க்குள். ஒரு முழ மீன் வந்தாலும் தலையும் உடலும் உள்ளே போய்விடும், வால் கொஞ்சம் வெளியே நின்றால் ஒன்றும் ஆகாது. இதைவிடப் பெரிய வளையம் நீரோட்டத்தில் கையை இழுக்கும்.

எலாஸ்டிக் கயிறு போனது. காந்தக் கொக்கி பலருக்குப் பிடிக்கும், முட்புதரில் காந்தம் விட்டுவிட்டால் வலை போனது தெரியாமலே அரை மைல் நடந்துவிடலாம். நீளப் பிடியை முதுகுப் பக்கம் இடுப்புக் கச்சையில் செருகி, இழுவிசையில்லாத மெல்லிய சுருள் கயிறு ஒன்றால் கட்டிக்கொண்டார். பாறையில் உட்காரும்போது பிடி குத்தும். அதற்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை.

மழைக்குப் பின்

ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கிப் பெருகி ஓடும். செப்டம்பர் கடைசியில் தெளிந்த பிறகுதான் புதிய வலை தண்ணீரைப் பார்த்தது.

எட்டும் தூரம் கூடியதும் மாறியது நண்பரின் பதற்றம். முன்பு மீனைத் துரத்தி வாரினார். இப்போது முன்னதாகவே வலையை நனைத்து, மீனுக்குக் கீழ்ப்புறம் தண்ணீரில் அமிழ்த்தி, அசையாமல் வைக்கிறார். கோலை உயர்த்தி மீனின் தலையை நீர்மட்டத்துக்கு மேல் லேசாகத் தூக்கினால் அது நீந்தும் வலுவை இழந்து நீரோட்டத்தோடு வளையத்தின் மேல் வழுக்கி வருகிறது. தலை விளிம்பைத் தாண்டியதும் வலையை உயர்த்துகிறார். வாலிலிருந்து வாரினால் மீன் முன்னோக்கிப் பாய்ந்துவிடும். இதெல்லாம் எந்தக் கைநூலிலும் உள்ளதுதான். குட்டை வலையோடு பாறைமேல் நின்றபோது அவரால் இதில் எதையும் செய்ய முடியவில்லை.

உள்ளே வந்த மீனை வேகநீரில் வைத்திருக்கக் கூடாது என்பதையும் அங்கே கவனித்தோம். ஓட்டம் பையை மடக்கி மீனை ரப்பரோடு அழுத்துகிறது. இரண்டடி நகர்ந்து, பாறைக்குப் பின்னாலுள்ள அடங்கிய நீரில் வளையத்தின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி வைத்தால், மீன் தலையை மேலோட்டப் பக்கம் திருப்பிக்கொண்டு செவுளை அசைத்து நிற்கும். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுக்கியால் முள்ளைக் கழற்ற அவசரமே தேவையில்லை. படம் வேண்டுமென்றால் முதலில் கைபேசியைத் தயாராக்கிவிட்டு, ஈரக் கையால் மீனைத் தண்ணீர் சொட்டும் அளவுக்கு மட்டும் தூக்கி இறக்குகிறார். பிறகு வளையத்தைச் சாய்த்தால் மீன் தானே வெளியேறுகிறது.

அந்தப் பருவத்தின் மிச்ச நாட்களில் விட்ட இடத்துக்குக் கீழே செத்த மீன் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதால் சாகவில்லை என்று ஆகிவிடாது. ஓடும் ஆற்றில் செத்த மீன் நம் கண்ணில் பட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மீன் வலைக்குள் வந்ததிலிருந்து வெளியே போகும்வரை கழியும் நேரம் குறைந்ததையும், அதில் காற்றில் கழிவது ஏறத்தாழ இல்லாமலே போனதையும் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ரப்பர் பையைச் சட்டத்தில் கோக்கும் கயிறு வெயிலில் நொறுங்கும் என்பதால், மார்ச் முதல் தேதிக்கு முன்னால் அதை ஒவ்வொரு துளையாக இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பையையும் வெயிலில் காயப்போடக் கூடாது. நீர் வடிந்ததும் நிழலில் தொங்கவிட்டால் மறுநாள் காலைக்குள் உலர்ந்துவிடும்.